ராஜாவுக்கு அடுத்து நான்

அந்த வீட்டில் துவைத்த துணியைப் பிழிவது அண்ணி. உதறிக் கொடியில் போடுவது நாத்தனார். போன வருஷம் ராஜா ஊர்வலம் வந்த அன்று கூட்டத்தில் விழுந்து நாத்தனாரின் வலது மணிக்கட்டு முறிந்தது. கோணலாகவே கூடியும் விட்டது. அதுவரை தையற்கடைச் சட்டைகளின் பொத்தான் துளைகளுக்கு அவள்தான் வீட்டில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வேலை அண்ணிக்கு வந்தது. தெருவில் இப்போது அண்ணிக்குத்தான் காஜாக்காரம்மா என்று பெயர்.

"எவளோ இடிச்சுத் தள்ளிட்டுப் போயிட்டா, பாவி," என்று கேட்பவர்களிடமெல்லாம் அண்ணி சொன்னாள். சொல்லிச் சொல்லி அவளே நம்பியும் விட்டாள்.

இல்லாவிட்டால், ஊர்வலத்தைப் படம் பிடித்தவர்கள் அதைக் கொட்டகையில் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நாத்தனாரையும் பாதித் தெருவையும் கூட்டிக்கொண்டு போயிருப்பாளா?

"முன்வரிசையில நின்னேன். ராஜாவுக்கு அடுத்து நான்தான் தெரிவேன், பாருங்க."

தெரிந்தாள். ராஜாவின் சாரட்டு திரும்பும் நேரத்தில், பூப்போட்ட சேலையில் பின்னாலிருந்து வந்தாள். முன்னால் நின்ற நாத்தனாரை இரண்டு கையாலும் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் நின்று கையாட்டினாள். கீழே கிடந்தவளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. "இன்னொரு தடவை போடுய்யா!"

குட்டிப் படம்தானே, போட்டார்கள். இந்த முறையும் கொட்டகை சிரித்தது; அவள் தெருக்காரர்கள் சிரிக்கவில்லை. தையற்காரர் மனைவி கிசுகிசுத்தாள்: "அடியே, விழுறது உன் நாத்தனார்தானே?"

வீட்டுக்கு வந்ததும் அண்ணியின் புருஷன் யார் முகத்தையும் பாராமல் வெளியே போய்விட்டான். நாத்தனார் இடது கையால் தட்டுகளை எடுத்து வைத்தாள்.

"படம் கன்னாபின்னான்னு வேகமா ஓடுதும்மா," என்றாள் அண்ணி. "எல்லாரும் வெடுக்கு வெடுக்குன்னு நடக்கிறாங்க. லேசாத் தொட்டாக்கூடத் தள்ளின மாதிரித்தான் தெரியும்."

"ஆமா அண்ணி. ராஜாகூட ஈ ஓட்டுற மாதிரித்தான் கையாட்டினாரு."

அண்ணிக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. நாத்தனார் முகத்தில் கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. கொட்டகையிலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள்.



"உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

நாத்தனார் தட்டைத் துடைத்தாள்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் பக்கத்துல உக்காந்து எனக்குக் காஜா எடுக்கச் சொல்லிக் கொடுத்தியா? திட்டியாவது இருக்கலாமேம்மா... ஏன் சொல்லல?"

இரண்டு தட்டில் சோறு போட்டுவிட்டு, தன்னுடையதை எடுத்துக்கொண்டு நாத்தனார் அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.