விமானத்துக்குத் திருஷ்டி கழித்தது

மகள் நகப்பூச்சுப் புட்டியைத் திறந்தால் எனக்கு இன்றும் சிம்பாங் பூலாய்த் தோட்டத்துப் பழைய ரப்பர் ஸ்டோர்தான் மணக்கும். அங்கேதான் தோட்டத்து மெக்கானிக்கான அப்பா, மேல்மூடியில்லாத ஒற்றை இருக்கை விமானத்தைத் தானே கட்டி, அம்மா தையல் மிஷினில் தைத்துக்கொடுத்த இறக்கைத் துணிக்கு அதே வாசனையுள்ள பூச்சை ஞாயிறுதோறும் பூசிக்கொண்டிருந்தார். முதன்முதலாகப் பறக்கப்போன அன்று, அவர் ஏறி உட்கார்ந்த பிறகு, அம்மா லாரிக்குக் கட்டுவதுபோல எலுமிச்சையையும் பச்சை மிளகாயையும் கோத்து, முன்னால் சுழலும் காற்றாடியிலேயே கட்டிவிட்டார். எஞ்சின் உறுமியதும் மிளகாய் அரைபட்டு அப்பாவின் கண்ணில் அப்பியது. அவர் தடுமாறி இறங்கிக் குழாயடிக்கு ஓடினார்.

"பாத்தீங்களா, எவ்ளோ திருஷ்டி இருந்திருக்கு. நான் கட்டலன்னா என்னா ஆயிருக்கும் லா," என்றார் அம்மா.

மறுவாரம் அப்பா பறந்தேவிட்டார், மிளகாயை விமானத்தின் வாலில் கட்டிக்கொண்டு.