நார்த்தாம்ப்டனில் நான் பார்க்காத கோல்

நனைந்த கம்பளிக் கோட்டு வாசனை, சுருட்டுப் புகை, காலுக்கடியில் சேறு... மழை தூறினாலே எனக்கு நார்த்தாம்ப்டன் ஞாபகம்தான் வரும். நம்ப மாட்டீர்கள், ஆனால் நிஜம்!

அறுபதுகளின் ஆரம்பம். ஆம்பூரில் ஒரு டேனரியில் தோலைத் தரம் பிரிக்கிற வேலை எனக்கு. நாங்கள் அனுப்பிய சரக்கு சரியில்லை என்று இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டன் என்ற ஊரிலிருந்து கடிதம் வந்தது. யாராவது போய் அவர்கள் கண் முன்னாலேயே பிரித்துக் காட்ட வேண்டும். எங்கள் மேஸ்திரி கப்பல் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அதிர்ஷ்டம் எனக்கு அடித்தது.

ஸ்டேஷனுக்கு எங்கள் ஃபுட்பால் டீம் முழுக்க வந்திருந்தது. எல்லாரும் டேனரி ஆட்கள், வெறுங்காலில் ஆடுகிறவர்கள். கோல்கீப்பர் பஷீர் தன் ஒரே ஸ்வெட்டரை என் கையில் திணித்தான்.

"எனக்கு ஒண்ணும் வாங்கினு வராத தோஸ்த். அங்க ஒரு கோல் விழுறத பாத்துட்டு வா. எப்டி விழுந்துச்சுன்னு அப்டியே எங்களுக்கு சொல்லணும்."

அவ்வளவுதான் கேட்டான்...

அங்கே போனால் குடோன் நிறைய தோல் கட்டுகள். திங்கட்கிழமை எனக்குக் கப்பல். அந்த ஊர் ஃபுட்பால் மேட்ச் சனிக்கிழமை மதியம், அந்த ஒன்றுதான். விட்டால் வேறு கிடையாது! வேகமாகப் பிரித்தால் தப்பாகிவிடும், நிதானமாகப் பிரித்தால் மேட்ச் போய்விடும். நாலு நாள் உட்காரவே இல்லை. சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கடைசிக் கட்டை மூடினேன். சரக்கில் குறையில்லை என்று குடோன் ஃபோர்மேன் ஜார்ஜ் கையெழுத்துப் போட்டார். ஆறடி உயரம், வாயைத் திறந்து பேசவே மாட்டார். அவரே என்னை கிரவுண்டுக்குக் கூட்டிப்போனார்.

கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம்! முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஷூ ஆணி சேற்றில் பதிகிற சத்தம் கூடக் கேட்டது. குளிரில் பல் தந்தியடித்தது, ஆனாலும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு.

பாதி ஆட்டம் வரை கோலே இல்லை. அப்புறம் ஒருத்தன் ஓங்கி உதைத்தான். பந்து நேராக என்னிடம் வந்தது. பிடித்துவிட்டேன்!

உடனே தூக்கிப் போட்டிருக்க வேண்டும். ஆனால் தோல் பந்தாயிற்றே! டேனரி ஆட்கள் நாங்கள், கையில் தோல் கிடைத்தால் என்ன செய்வோம்? பந்தைப் புரட்டினேன். கட்டை விரலால் அழுத்தினேன். மோந்தும் பார்த்தேன். ஆட்டக்காரன் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான், கிரவுண்டே என்னைப் பார்த்துக் கத்துகிறது. ஜார்ஜ் விலாவில் குத்திய பிறகுதான் போட்டேன்.

போட்டுவிட்டுச் சும்மா இருந்தேனா? பந்தில் ஒரு துண்டு மாட்டின் வயிற்றுத் தோல், நனைந்தால் இழுபடும், சீக்கிரம் பந்து கோணிக்கொள்ளும் என்று அவருக்கு அரைகுறை இங்கிலீஷில் விளக்க ஆரம்பித்தேன். அவரும் தோல்காரர் அல்லவா, குனிந்து அக்கறையாகக் கேட்டார்.

கிரவுண்டே அதிர்ந்தது. இரண்டு பேரும் திரும்பினோம். பந்து வலைக்குள் கிடந்தது.

அந்த மேட்சின் ஒரே கோல். நானும் பார்க்கவில்லை, ஜார்ஜும் பார்க்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கப்பலில் மூன்று வாரம் ஒரு பொய்யைத் தயார் செய்தேன். இடது பக்கத்திலிருந்து வந்த பந்து, தலையால் முட்டி கோல்... பிரமாதமான பொய். ஆம்பூர் ஸ்டேஷனில் பஷீர் முகத்தைப் பார்த்ததும் பொய் சொல்ல வாய் வரவில்லை. நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன்.

"பந்து உன் கைக்கே வந்துச்சா?" என்று பஷீர் கேட்டான்.

"வந்துச்சுடா."

என் வலது கையை இழுத்து உள்ளங்கையை மோந்து பார்த்தான். கப்பல் சோப்பு வாசனைதான் இருந்திருக்கும். ஆனாலும் சீக்கிரம் விடவில்லை. பிறகு ஒவ்வொருத்தராக வந்து கையை வாங்கிப் பார்த்தார்கள்.

பஷீர் போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாகிறது. இப்போது என் பேரன் செல்போனில் அதே நாட்டு லீக் மேட்ச் காட்டுகிறான். ஒரு கோலை ஆறு பக்கத்திலிருந்து திரும்பத் திரும்பப் பார்க்கலாம். நானும் அவனோடு சேர்ந்து கத்துகிறேன்.

பந்து கூட்டத்துக்குள் போகும்போது மட்டும் செல்போனைப் பிடுங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். யார் கையில் விழுகிறது, அவன் என்ன செய்கிறான் என்று பார்க்க...

எல்லாரும் உடனே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.