நான்கு மூலையிலும் மஞ்சள்

எழுபதுகளின் நடுவில் நான் பி.யூ.சி. முடித்தேன். மதுரையில் விடுதியில் தங்கிப் படித்துவிட்டு, பேரையூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்குப் பெட்டியோடு வந்து இறங்கிய அன்றே, மெட்ராஸில் மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் அறிவித்துவிட்டேன். அதாவது, கேட்கவில்லை. அறிவித்தேன். எனக்கு அப்போது பதினேழு வயது, கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அப்பா எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. பருத்திக் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை ஒருநாள் தள்ளிவைத்துவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறி, கால் கடுக்க வரிசையில் நின்று, விண்ணப்பப் படிவத்தை வாங்கி வந்தார். பஸ் கூட்டத்தில் கசங்கிவிடும் என்று சட்டைக்குள் பனியனுக்கு மேலே வைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தியே வந்திருக்கிறார். இரண்டு நாள் முதுகு வலி என்று புலம்பினார்.

"ஒரு ஆளுக்கு ஒண்ணுதானாம் தாயி. கெட்டுப்போச்சுன்னா வேற கிடையாதுன்னு சொல்லிப்புட்டாக" என்றார்.

படிவம் முழுக்க ஆங்கிலம். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் விதிமுறைகள். அடித்தல், திருத்தல், கறை எதுவும் இருக்கக் கூடாது, இருந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்பது அதில் ஒன்று. அதை நான் அப்பாவுக்குத் தமிழில் இரண்டு தடவை சொல்லிக் காட்டினேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை. அவள் அப்போது மாட்டுக்குச் சோளத்தட்டை நறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இந்தக் காகிதத்துக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

முதலில் ஒரு வெள்ளைத் தாளில் பென்சிலால் முழுப் படிவத்தையும் எழுதிப் பழகினேன். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு பேனாவால் நிரப்பினேன். பவுடர் அப்பிய முகத்தோடு ஸ்டுடியோவில் எடுத்த போட்டோவை, மேலே வலது மூலையில் அச்சடித்திருந்த நம்பருக்குக் கீழே ஒட்டினேன். இனி அதன்மேல் கெஜட்டட் ஆபீசர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பக்கத்தில் பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தோடு கூப்பிடு தூரத்தில் இருந்தவர் ஒரே ஒருவர்தான். அரசாங்க மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர்.

நாங்கள் போனபோது அவர் ஒரு பசுவின் பின்னால் தோள்பட்டை வரை கையை விட்டுக்கொண்டு நின்றார். எங்களைத் திரும்பிப் பார்த்து, "என்ன மாடு?" என்று கேட்டார்.

"மாடு இல்லைங்க, மகள்" என்றார் அப்பா.

டாக்டர் சிரித்துக்கொண்டே கையைக் கழுவி, துடைத்து, மறுபடியும் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் படிவத்தை வாங்கினார். பாதிக் கையெழுத்து போட்டோவில், பாதி தாளில் விழுகிற மாதிரி அழகாகப் போட்டார். "மாட்டு டாக்டர் கையெழுத்துப் போட்டு மனுச டாக்டர் ஆகப் போறே. பீஸ் கேக்க மாட்டேன். என்னைக்காவது எனக்கு ஊசி போட்டா வலிக்காமப் போடு" என்றார். வீடு வரும்வரை அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கடைசித் தேதி செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் தபாலாபீஸில் ரிஜிஸ்டர் தபாலில் சேர்த்துவிடுவது என்று ஏற்பாடு. முந்தின நாள் சாயங்காலமே படிவத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாயிற்று. காலையில் நான் குளித்துவிட்டு, கவரில் முகவரி எழுதிவிட்டு, படிவத்தை எடுக்கப் போனேன்.

நான்கு மூலையிலும் மஞ்சள்.

கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பார்களே, அதே மஞ்சள். எங்கள் வீட்டில் புதுத் துணி வந்தால் ஓரத்தில் மஞ்சள், விதை மூட்டை வந்தால் மஞ்சள், வெள்ளையடித்த சுவருக்கு மஞ்சள். நல்ல காரியத்துக்குப் போகிற எதுவும் மொட்டையாகப் போகக் கூடாது. அம்மா விடிகாலையில் குளித்து, ராகுகாலம் பார்த்து, மஞ்சளை இழைத்து, குழைத்து, தாராளமாக வைத்திருந்தாள். வலது மூலையில் வைத்தது நம்பரின் கடைசி இரண்டு இலக்கத்தின் மேல் பளபளவென்று நின்றது.

எனக்குத் தலைக்குள் என்னவோ வெடித்தது. கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்பது பாதி நினைவில்லை. ஆனால் ஒன்று மட்டும் ஒரு சொல்கூட மறக்கவில்லை.

"கைநாட்டு வைக்கிற கைக்கு என் அப்ளிகேசன்ல என்ன வேலை?"

அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். எங்கள் ஊரில் வாய்க்கால் தகராறு என்றால் நாலு ஆம்பளைகளை ஒற்றை ஆளாகப் பேசி அனுப்புகிறவள் அவள். அன்றைக்கு அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள்.

அப்பாதான் சமாதானத்துக்கு வந்தார். "இதுக்கு எதுக்கு இம்புட்டுச் சத்தம்? துணியில பட்டா போகலையா? சோப்புப் போட்டா போயிரும்" என்று, ஈரத்துணியில் துணிதுவைக்கிற சோப்பைத் தொட்டு, நம்பர் இருந்த மூலையில் ஒரு தேய்ப்புத் தேய்த்தார்.

மூலை சிவந்தது. லேசாக இல்லை, ஆரத்தித் தட்டு மாதிரி.

"ஆத்தாடி, ரத்தமா வருதே" என்று அப்பா கையை உதறினார்.

மஞ்சளில் சோப்பு மாதிரிக் காரம் பட்டால் சிவக்கும். அதை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டி, நோட்டில் படம் வரைந்து, 'நன்று' வாங்கியவள் நான். டாக்டராகப் போகிறேன் என்று அறிவித்தவள். அப்பா சோப்பை எடுத்ததையும் தேய்த்ததையும் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது யாரைத் திட்டுவது? அவசரமாக எலுமிச்சம்பழத்தை நறுக்கி, பஞ்சில் தொட்டு ஒற்றினேன். சிவப்பு போய்ப் பழைய மஞ்சள் வந்தது. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தேன், நடுவில் தாள் வேறு சொரசொரப்பாகியிருந்தது. உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. என்னிடம் இல்லை, அப்பாவிடம்.

"வெயில்ல போடச் சொல்லுங்க. சேலையில பட்ட மஞ்ச, ரெண்டு வெயில் பட்டா வெளுத்துரும்."

எனக்கு வேறு வழி தெரியவில்லை. மொட்டைமாடியில் பாயை விரித்தேன். மஞ்சள் வெளுத்தால் மையும் வெளுக்குமே என்று யோசித்து, எழுத்தும் போட்டோவும் மறைய நடுவில் ஒரு பலகையை வைத்து, பலகை மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தேன். நான்கு மூலை மட்டும் வெளியே தெரிந்தன. குடையைப் பிடித்துக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்தேன். காக்கா வரக் கூடாது, ஆடு ஏறக் கூடாது, காற்றில் ஓரம் மடங்கக் கூடாது. அடிக்கிற வெயிலில் அந்தத் தாளுக்கு இருந்த மரியாதை எனக்கு இல்லை.

பக்கத்து வீட்டு அத்தை அவர்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன பிள்ள, வத்தலா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். "காஞ்சதும் எங்களுக்கும் ரெண்டு குடு" என்றாள்.

வெள்ளிக்கிழமை போயிற்று. சனிக்கிழமை மஞ்சள் வெளிறியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்த்தபோது மூலைகள் வெளுத்துத்தான் இருந்தன. நம்பர் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் உற்றுப் பார்த்தால் நிழல் மாதிரி ஒரு கறை, அதைச் சுற்றி எலுமிச்சைச் சாறு உறைந்த வளையம். அதோடு, இனி தபாலில் போட்டால் செவ்வாய்க்கிழமை போய்ச் சேராது. கையோடு கொண்டுபோய்க் கொடுப்போம் என்று அப்பா முடிவு செய்தார்.

திங்கட்கிழமை நாங்கள் கிளம்பும்போது அம்மா வாசலில் நின்றாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டும் பேசாமல் இறங்கிப் போனேன். பயமும் வீம்பும் ஒன்றாகச் சேர்ந்தால் பதினேழு வயதில் வாய் திறக்காது.

மதுரைக்குப் பஸ், அங்கிருந்து ரயில். செவ்வாய்க்கிழமை காலை மெட்ராஸில் அந்த அலுவலகத்துக் கவுண்டருக்கு முன்னால் நின்றோம். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். எல்லோரும் என்னைவிடப் படித்தவர்களாகவும், என்னைவிட நன்றாகச் செருப்புப் போட்டவர்களாகவும் தெரிந்தார்கள். என் முறை வந்தது. மூக்குக் கண்ணாடி போட்ட குமாஸ்தா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். வலது மூலைக்கு வந்ததும் விரலால் தடவிப் பார்த்தார். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்னம்மா இது? தண்ணில விழுந்துதா?"

தண்ணீர் என்றே சொல்லிவிடலாம் என்று நான் அப்பாவின் முழங்கையைக் கிள்ளினேன். அவரோ கையைக் கூப்பிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார். மஞ்சள் வைத்தது, தான் சோப்புப் போட்டது, சிவந்தது, எலுமிச்சம்பழம், அம்மிக்குழவி, குடை, ஒன்று விடாமல். "பிள்ள மேல தப்பு இல்லைங்கய்யா. வேணும்னா எம் பேர்ல எழுதிக்கங்க" என்று முடித்தார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். தரை பிளந்தால் இறங்கிவிடத் தயாராக இருந்தேன்.

குமாஸ்தா சிரிக்கவில்லை. எழுந்து போய், அலமாரியிலிருந்து சணல் கயிற்றால் கட்டிய ஒரு கட்டைத் தூக்கி வந்து எங்கள் முன்னால் பொத்தென்று போட்டார்.

"பாருங்க."

கட்டின் ஓரமெல்லாம் மஞ்சள். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். மஞ்சள், மஞ்சளோடு குங்குமம், சந்தனம். ஒன்றைப் புரட்டியபோது திருநீறு கொட்டியது. ஒன்றில் பென்சிலால் சின்னச் சிலுவை. ஒன்றின் தலையில் பொடியாக 786. இன்னொன்றில் காய்ந்து தட்டையாகிப்போன ஒரு மல்லிகைப்பூ, எடுத்துப் போட மனசில்லாமல் அவரே விட்டுவைத்திருந்தார் போல.

"இதையெல்லாம் கறைன்னு தள்ளுனா, காலேஜுக்கு நாங்கதான் போய் உக்காரணும்" என்று சொல்லி, என் படிவத்தில் முத்திரையைக் குத்தினார். அப்புறம்தான் சிரித்தார்.

வெளியே வந்ததும் அப்பா ஒரு கடையில் நின்று ஐந்து இட்லி சாப்பிட்டார். நான் எட்டுச் சாப்பிட்டேன்.

ஊருக்குத் திரும்பியபோது அம்மா முற்றத்தில் பருத்தியில் தூசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், கேட்கவில்லை. "வாங்கிட்டாக" என்றார் அப்பா. அம்மாவின் கை அப்படியே நின்றது. நான் அந்தக் கட்டைப் பற்றிச் சொன்னேன். மஞ்சள், திருநீறு, சிலுவை, பூ எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"பின்னே? அம்புட்டுப் பிள்ளைகளுக்கும் அம்மா இருப்பாகள்ல" என்றாள்.

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்பதற்குள் அவளுக்கு வேறு கவலை வந்துவிட்டது. "அப்ப எல்லாத்துலயும் மஞ்ச இருக்கு, உன்னோடதுல மட்டும் இல்லாமப் போச்சே!" என்றாள். அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இன்டர்வியூ முடிந்து முடிவு வருகிற வரையில் அவள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

சீட் கிடைத்தது. கார்டு வந்த அன்று ஊரில் பாதிப் பேர் எங்கள் வீட்டில் காப்பி குடித்தார்கள். மாட்டு டாக்டர் சைக்கிளில் வந்து கையைக் குலுக்கிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு அத்தை மட்டும், வத்தல் கடைசிவரை கொடுக்கவே இல்லை என்றாள். இத்தனை சந்தோஷத்திலும் அம்மாவின் கையைப் பற்றி நான் கத்திய அந்த ஒரு வாக்கியம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்வோம் என்று தள்ளினேன்.

மெட்ராஸுக்குக் கிளம்பிய அன்று ஊர் விலக்கில் பஸ்ஸுக்கு நின்றோம். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார். தூரத்தில் பஸ் வருகிற புழுதி தெரிந்தது. இதற்கு மேல் தள்ள முடியாது.

"அம்மா, அன்னைக்கு நான் கையப் பத்திச் சொன்னது தப்பும்மா" என்றேன்.

அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்வாள் என்று நினைத்தேன். அம்மாக்கள் அப்படித்தானே சொல்ல வேண்டும்?

"ஆமா, தப்புத்தான்" என்றாள். என் தாவணியைச் சரிசெய்தாள். "எங்கிட்டப் பேசுனது போகட்டும். டாக்டராகி, புள்ளயத் தூக்கிட்டு வர்ற எவகிட்டயும் அப்படிப் பேசிராத. ஏறு, பஸ் நிக்காது."

அப்படிப் பேசியதே இல்லை என்று இங்கே எழுதினால் பொய்யாகிவிடும். இத்தனை வருஷ வேலையில் இரண்டு முறை பேசியிருக்கிறேன். இரண்டு முறையும் வார்டுக்குத் திரும்பிப் போய், கட்டில் பக்கத்தில் நின்று, அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.