வலக்கண்ணில் வந்த நீலம்

சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட் மாடியில் பல வருஷமாக ரவிக்கை தைக்கிறார் பாக்கியலட்சுமி. வலது கண்ணில் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து, தைக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் கடையைத் திறந்தார். கறுப்பு நூல் எடுக்கப் பெட்டியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கறுப்பு என்று சேர்த்து வைத்திருந்த நூல்கண்டுகளில் பாதி கருநீலம். ஒன்று அடர்ந்த ஊதா. வலக்கண்ணை மூடினார்; எல்லாம் கறுப்பு. திறந்தார், நீலம்.

பக்கத்துக் கடை நஃபீசாவைக் கூப்பிட்டார். "இது என்ன கலர்?"

"நேவி ப்ளூ லா, அக்கா. எப்பவும் அதுதானே."

அன்று முழுவதும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தார். இடக்கண்ணுக்கு வெள்ளைத் துணியில் தேநீர்க் கறை படிந்திருந்தது. வலக்கண்ணுக்கு அதே துணி நீலம் போட்டுத் துவைத்த வெள்ளை. ஒரே துணிதானா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஆனால் வலக்கண்ணின் ஓரத்தில் பிறை போல ஒரு நிழலும் இருந்தது. யாரோ வந்து நிற்பது போலத் தோன்றும். மிஷினை நிறுத்தி, "வாங்க" என்று திரும்புவார். யாரும் இருக்கமாட்டார்கள். மாலையில் சிராங்கூன் சாலைக்கு இறங்கினால் தீபாவளி விளக்கு ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வளையம். கார் விளக்குகளிலிருந்து ஈர்க்குச்சிகளாகக் கதிர்கள். பார்க்க அழகுதான், சாலையைக் கடக்கத்தான் பயம். கணவர் நடேசனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆபரேஷன் சரியா வரலையோ?" என்றார் நடேசன். பாக்கியலட்சுமிக்கும் உள்ளூர அதே கவலைதான்.

மறுநாள் டாக்டர் விழித்திரை வரை சோதித்துப் பார்த்தார். "கண்ணு நல்லா இருக்கு, ஆன்ட்டி. புது லென்ஸ் ஓரத்துல வெளிச்சம் படற விதத்தால வர்ற நிழல் இது. நிறைய பேருக்குப் போகப் போகக் குறைஞ்சிடும், மூளை பழகிக்கும். தடிச்ச ஃப்ரேம் கண்ணாடி போட்டுப் பாருங்க. ஆனா திடீர்னு மின்னல் வெட்டினாலோ, திரை விழுந்த மாதிரி மறைச்சாலோ உடனே வந்துடணும்."

தடித்த கறுப்பு ஃப்ரேம் வாங்கினார். வெளிச்சம் பக்கவாட்டில் அடிக்காதபடி மிஷினைத் திருப்பிப் போட்டார். இருட்டுவதற்குள் வீடு திரும்பினார். சில வாரங்களில் நிழல் மங்கியது, தேடினால்தான் தெரிந்தது. வளையங்களும் சுருங்கின. அடுத்த கண்ணுக்குத் தானே தேதி கேட்டார்.

அதுவும் நல்லபடியாக ஆறிய பின், ஒரு ஞாயிறு காலை இருவரும் பாசிர் ரிஸ் கடற்கரைக்குப் போனார்கள். எதிரே உள்ள தீவு பச்சைப் பட்டை ஒன்று என்றே பாக்கியலட்சுமி இவ்வளவு காலம் நினைத்திருந்தார். இப்போது அங்கே மரங்கள் இருந்தன. தனித்தனியாக, ஒன்றின் பச்சை இன்னொன்றில் இல்லாமல். அலையின் முதுகில் வெயில் உடைந்து உடைந்து கூடியது.

"போலாமா?" என்றார் நடேசன்.

"இருங்க. இன்னும் பார்த்து முடியல."

நடேசன் பக்கத்தில் உட்கார்ந்து, வாங்கி வந்த, உருளைக்கிழங்கு மசாலா வைத்த கறிபாப் பொட்டலத்தைப் பிரித்தார்.