யூனிஸ் சிஸ்டரும் இருளப்பனின் சேவலும்

குன்னூருக்கு மேலே எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இருபத்தொரு வருடமாக நர்ஸாக இருப்பவள் யூனிஸ். கம்பளிக் குல்லாவைக் கழற்றாமலே ஊசி போடுவாள், கையை இழுத்தால் திட்டுவாள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், வார்டில் மட்டும் சாமி பெயரை எடுக்கமாட்டாள். சரியான கல்நெஞ்சக்காரி என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தது, அதே வார்டில் நர்ஸாக இருக்கும் நான்தான்.

போன மாதம் நர்சிங் கல்லூரியிலிருந்து ரேணுகா என்ற பெண் ஒரு படிவத்தோடு வந்தாள். நர்ஸ்கள் நோயாளிகளுக்கு எத்தனை முறை ஆன்மிகத் துணையாக இருக்கிறார்கள் என்று ஆராய்ச்சியாம். ஜெபித்தால் ஒரு கோடு, வேதம் வாசித்தால் ஒரு கோடு. எதிலும் முதலாவதாக வராவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஆறாம் கட்டில் இருளப்பன் தலையில் மூன்று வேளையும் கைவைத்து, கண்ணீர் விட்டு ஜெபித்தேன். யூனிஸ் ஒரு கோடுகூடப் போடவில்லை.

இருளப்பன் சிலோனிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளி; 'ரொம்ப' என்பதற்கு இன்னமும் 'மிச்சம்' என்றுதான் சொல்வார். வெள்ளிக்கிழமை அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். பிரஷரோ நாளுக்கு நாள் ஏறியது. இறங்காவிட்டால் கோயமுத்தூருக்குத்தான் போகவேண்டும் என்றார் டாக்டர். அதற்கு வலியோடு வீட்டுக்கே போய்விடுவேன் என்றார் இருளப்பன்.

யூனிஸ் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மனசில் என்ன என்று அதட்டினாள். முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவல் தோட்டத்து லயத்தில், அவர் வீட்டு வாசலில் நிற்கிறதாம். தான் போய்ச் சேர்ந்தால் மருமகன் பாண்டியன் அதைக் குழம்பு வைத்துவிடுவானாம், சாமி குத்தமாகிவிடுமாம். யூனிஸ் உடனே பாண்டியனை வீடியோ காலில் பிடித்து, காலையும் மாலையும் சேவலைக் காட்டச் சொல்லி மிரட்டினாள். சேவல் போனைக் கொத்தியது. இருளப்பன் சிரித்தார். இரண்டே நாளில் பிரஷர் இறங்கி, ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

கணக்கெடுத்தார்கள். எனக்கு முப்பத்தெட்டு, யூனிஸுக்குப் பூஜ்யம். எந்த நர்ஸின் ஜெபம் உதவியது என்று ரேணுகா இருளப்பனிடமும் கேட்டாள். அவர் என்னைக் காட்டினார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இந்த ஸ்டெபி சிஸ்டர் மூணு வேளையும் தலையில கைய வச்சு அழுதிச்சு. மிச்சம் பயந்துட்டேன். சரி, நம்ம கதை முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். அதுக்கப்புறந்தான் சேவல் கவலையே வந்திச்சு."

வார்டே சிரித்தது. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. யூனிஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"ஸ்டெபிக்கு இளகுன மனசுங்க. உங்க மேல பாசத்துலதான் அழுதிருப்பா. பேசாமப் படுங்க" என்று அவரை அதட்டினாள்.

நான் படிவத்தில் விழும் கோடுகளுக்காகத்தான் அழுதேன் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.