சாருக்கு மட்டும் மங்கிய பொத்தான்

கணினித் திரையில் 'பதில்' என்று எழுதிய ஒரு சின்னப் பொத்தான். எல்லோருக்கும் பச்சையாகத் தெரியும். எங்கள் பொது மேலாளருக்கு மட்டும் சாம்பல் நிறம். அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. அப்படிச் செய்தவள் நான். செய்யச் சொன்னவர் அவரேதான்.

இரண்டாயிரங்களின் நடுவில், புதுச்சேரியை அடுத்த சேதராப்பட்டில் பம்ப் மோட்டார் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஓர் இணையப் பக்கம் வேண்டும் என்று தலைமை அலுவலகத்தோடு மல்லுக்கட்டி அனுமதி வாங்கியவர் அந்தப் பொது மேலாளர்தான்; எங்களுக்கு அவர் 'சார்'. குடும்பம் வெளியூரில், பாண்டியில் தனி ஆள். மதியம் கண்ணாடி அறைக்குள் தனியாகச் சாப்பிடுவார். பக்கம் தொடங்கிய அன்றே ஒருவர், ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து, கேன்டீன் சாம்பாரில் உப்பு அதிகம் என்று எழுதினார். உடனே சாரின் பதில்: "நல்ல கருத்து. கவனிக்கிறேன்." அத்தோடு பேச்சு முடிந்தது. யார் எதை எழுதினாலும் இதே கதைதான். தீபாவளிக்குள் நடமாட்டம் இல்லையென்றால் மூடிவிடுவோம் என்றது தலைமை அலுவலகம். நானும் எழுதுகிறவர்களுக்குப் புள்ளிகள் கொடுத்துப் பார்த்தேன். 'வார நட்சத்திரம்' என்று படம் போட்டுப் பார்த்தேன். நட்சத்திரமான வெல்டர் அண்ணன் வெட்கப்பட்டு, அப்புறம் அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. வாய் ஓயாத இந்த மனிதர்கள் திரையைக் கண்டால் மட்டும் ஏன் ஊமையாகிறார்கள் என்று எனக்கு மண்டையைக் குடைந்தது.

விடை கம்பெனி பஸ்ஸில் கிடைத்தது. முத்தியால்பேட்டையில் நான் ஏறும்போதே மீன் குழம்புக்கு மாங்காய் போடலாமா, கூடாதா என்று சண்டை. மாங்காய்க் கட்சிக்குத் தலைவர் அதே வெல்டர் அண்ணன். அன்று கார் பழுதாகி, அடுத்த நிறுத்தத்தில் சாரும் ஏறினார். பஸ் அப்படியே அடங்கியது. நாலைந்து பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள்.

"ஏதோ பேசிக்கிட்டிருந்தீங்களே?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார்."

சேதராப்பட்டு வரை இன்ஜின் சத்தம்தான். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

இறங்கியதும் நேராக என் மேசைக்கு வந்தார். "நான் பதில் போட்டுடறதாலதான் அப்புறம் யாரும் எழுத மாட்டேங்கறாங்களா?" மென்று விழுங்கி, "ஆமா சார்" என்றேன். "அப்ப என் பட்டனை மூடிடும்மா. தொறந்திருந்தா கை சும்மா இருக்காது. மூடினது எல்லாருக்கும் தெரியணும்."

'சார் படிப்பார், பதில் எழுத மாட்டார்' என்று பக்கத்தின் உச்சியில் போட்டேன். முதலில் சாம்பார் திரும்பி வந்தது, பிறகு பஸ் நேரம், பிறகு மீன் குழம்பு. மழைக்காலம் முழுக்க மீன் குழம்புதான். தீபாவளி வந்து போனது. மூடுவதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கண்ணாடி அறைக்குள் சார் திரையைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பார். ஆசைப்பட்டுப் பந்தியைக் கூட்டியவர், தான் உட்காராமல் இருந்தால்தான் மற்றவர்கள் சாப்பிடுவார்கள் என்றால் என்ன செய்வார்? அந்தச் சிரிப்பில் வருத்தம் எவ்வளவு என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

மாற்றல் வந்து அவர் கிளம்பும் வாரம், "இன்னிக்கு ஒரு நாள் தொறந்து விடறியா?" என்று கேட்டார். பொத்தான் பச்சையானது. "மீன் குழம்புக்கு மாங்காய் கூடவே கூடாது. புளி போதும்" என்று எழுதினார். பக்கம் மௌனமானது. போச்சு, பழைய கதைதான் என்று நினைத்தேன். அப்போது வெல்டர் அண்ணனின் பதில் வந்தது: "சார், உங்களுக்குக் கொழம்பே தெரியல. ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வாங்க, மாங்கா போட்டு வெச்சிக் காட்றேன்."

சார் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். சனிக்கிழமைக்கு எடுத்திருந்த ரயில் டிக்கெட்டைத் திங்கட்கிழமைக்கு மாற்றினார்.

இப்போது அவர் உட்கார்ந்திருந்தது போன்ற ஒரு நாற்காலியில் நான். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் நான் எதைச் சொன்னாலும் வரிசையாகக் கட்டைவிரல்கள். போன வாரம் வேண்டுமென்றே, மீன் குழம்புக்கு மாங்காய் தேவையில்லை என்று எழுதினேன். அதற்கும் கட்டைவிரல்கள். எனக்கு மட்டும் பதில் பொத்தானை மூடிவைக்க வழி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், இல்லை. கையும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.