தேய்த்தும் போகாத கறுப்பு

என் மகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அவள் கழுத்தின் பின்புறம் கறுக்கத் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் இரட்டைச் சடை பின்னி, மடித்து ரிப்பன் கட்டியே ஆகவேண்டும் என்பதால் ஊருக்கே தெரிந்தது. என் மனைவியும் நானும் அதை அழுக்கு என்று முடிவு செய்தோம். எங்கள் மருத்துவ அறிவு அவ்வளவுதான்.

ஞாயிறுதோறும் கடலை மாவு, தயிர், மஞ்சள், பீர்க்கங்காய் நார். மனைவி தேய்ப்பாள், நான் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று வர்ணனை செய்வேன்.

“பாத்திரம் தேய்க்கற நார் வேணுமாம்மா? புதுசு இருக்கு.”

“அப்பா, சும்னிரி!” கோபம் வந்தால் அவள் என்னைப் பள்ளியில் பழகிய கன்னடத்தில்தான் வாயை மூடச் சொல்வாள்.

தோல் சிவந்ததே தவிரக் கறுப்பு போகவில்லை. காலையில் அந்த இடத்தில் பவுடரை அப்பிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். அதற்கும் ஒரு ஜோக் சொன்னேன். அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

பத்தாம் வகுப்பில் அவளுக்கு விடாத இருமல். டாக்டரிடம் கூட்டிப்போனேன். முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைக்கச் சடையை ஒதுக்கிய டாக்டரம்மாவின் கை அப்படியே நின்றது.

“இது எத்தனை நாளா இருக்கு?”

“சரியா குளிக்க மாட்டா மேடம்” என்று இளித்தேன்.

“அழுக்கு இல்ல சார். உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யலன்னா சில பேருக்குக் கழுத்து இப்படிக் கறுக்கும். ரத்தம் பார்க்கணும்.” பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்களும் காலரைக் கொஞ்சம் இறக்குங்க.”

என் கழுத்திலும் அதே கறுப்பு. சங்கிலி உரசி வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சங்கிலி போட்டதே கல்யாணத்தன்று ஒரு நாள்தான், அதுவும் இரவல்.

இருவர் ரிப்போர்ட்டும் ஒன்றுபோல வந்தன. சர்க்கரை நோய் இல்லை, அதன் வாசற்படி. கொழுப்பும் கூடுதல். குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று டாக்டர் கேட்டார். என் அண்ணனுக்கு நாற்பத்திரண்டு வயதில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்ததைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்த வயசுல திருப்பிடலாம். ஆனா அவ மட்டும் மாறினா நடக்காது. வீடே மாறணும்” என்றார் டாக்டர்.

திரும்பும்போது ஆட்டோவில், “ஒன்றரை வருஷம் தேய்ச்சீங்களே ரெண்டு பேரும்!” என்று சிரித்தாள். பிறகு அழுதாள்.

“தப்புதான் கண்ணு” என்றேன்.

நான் மண்டி மொஹல்லாவில் ஒரு எலக்ட்ரிகல் கடையில் நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவன். மாலையில் பேக்கரியில் தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்தும் பப்ஸும் வாங்காமல் வீடு திரும்பியதில்லை. மகள்மேல் இருந்த பாசமெல்லாம் அந்த அட்டைப்பெட்டியில்தான் போய்க்கொண்டிருந்தது. பெட்டியை நிறுத்தினேன். வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழையும்போது கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அவள் பாட்டில் ஜூஸை விட்டாள். சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டினாள். தினமும் சாயங்காலம் அம்மாவோடு முக்கால் மணி நேரம் நடந்தாள். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தபோது அவளுடைய சர்க்கரை எண் இறங்கியிருந்தது. என்னுடையது அசையவேயில்லை.

“உங்களுக்கு மட்டும் ஏம்ப்பா குறையல?”

“மெஷின் கோளாறா இருக்கும்.”

“துவைக்கப் போடற சட்டைப் பாக்கெட்டுல தினம் பப்ஸ் தூள் இருக்குன்னு அம்மா சொன்னாங்க. அதுவும் மெஷின் கோளாறா?”

பெட்டி வாங்குவதைத்தான் நிறுத்தியிருந்தேன். பேக்கரி வாசலில் நின்றே தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு யோக்கியன்போல வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் குரல் இறங்கியது. “பெரியப்பா மாதிரி ஆயிடக்கூடாதுன்னுதான் நான் நடக்கறேன். உங்களுக்கு ஆயிடுச்சுன்னா, நான் நடந்து என்னப்பா?”

சட்டைப் பாக்கெட்டை வெளியே இழுத்து, இருந்த தூளைக் குப்பைக் கூடையில் உதறினேன்.

மறுநாளிலிருந்து கடைக்கு ஸ்கூட்டரை எடுப்பதில்லை. வேறு தெரு வழியாகச் சுற்றி நடந்தே வருகிறேன். மூச்சு வாங்குகிறது. பாதி வழியில் அம்மாவும் பெண்ணும் எதிரே வந்து சேர்ந்துகொள்கிறார்கள். அந்த வழியில் பேக்கரி எதுவும் இல்லை. முதல் நாளே நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.